ஒற்றைக்கொம்பு மட்டும் வந்த சீட்டு

கீழே லேத் பட்டறை, மாடியில் மென்பொருள் பட்டறை. கோவை கணபதியில் அப்படி ஒரு கட்டடத்தில் மூன்று நாள் போய் உட்கார்ந்திருந்தேன். கீழே இரும்பு சீவும் சத்தம் மதியம் ஒரு மணிக்கு நிற்கும். மாடியில் இருப்பவர்களுக்கு அதுதான் சாப்பாட்டு மணி.

மாடியில் ஐந்து பேர். மளிகைக் கடைகளுக்கு பில் போடும் மிஷின் செய்கிறார்கள். உள்ளங்கை அளவில் ஒரு ஏ.ஆர்.எம் போர்டு, சின்னத் தொடுதிரை, 58 மில்லிமீட்டர் ரோல் போடும் தெர்மல் பிரிண்டர். அந்தத் தாளின் குறுக்கே பிரிண்டர் வைக்கக்கூடிய புள்ளிகள் மொத்தம் 384. அதற்கு மேல் ஒரு புள்ளிகூட விழாது.

நான் போனதற்குக் காரணம் கொத்தமல்லி. பழைய மிஷின்களில் அந்தச் சொல் உருப்படியாக அச்சாகவில்லை. க-வுக்கு முன்னால் வரவேண்டிய கொம்பு பின்னால் போய் நிற்கும். "எங்க கடை பில்லைப் பாத்து ஸ்கூல் பிள்ளைக சிரிக்குதுங்க தம்பி" என்று ஒரு கடைக்கார அண்ணாச்சி போனில் சொன்ன நாளிலிருந்து இந்த வேலை தொடங்கியிருக்கிறது.

என் பெரியப்பா அச்சகத்தில் கம்பாசிட்டர். ஈய எழுத்துக் காலத்து ஆள். 'கொ' கோக்க வேண்டுமென்றால் அவர் கை முதலில் கொம்புக்குப் போகும், பிறகு க, பிறகு கால். கண் பார்க்கும் வரிசை. யூனிகோடில் அப்படி இல்லை. அங்கே காது கேட்கும் வரிசை: முதலில் க, அதன்பின் ஒகரக் குறி, ஆக இரண்டே குறியீடு. திரையிலோ தாளிலோ வரும்போது அந்த ஒகரக் குறியைப் பிளந்து, பாதியை முன்னாலும் பாதியைப் பின்னாலும் வைக்க ஒருவர் வேண்டும். கணினிக்குள் உட்கார்ந்திருக்கும் கம்பாசிட்டர் என்று வைத்துக்கொள்ளலாம். இவர்களுடைய மிஷினில் அந்த ஆள் இல்லை.

முதலில் தாங்களே எழுதிப் பார்த்திருக்கிறார்கள். கொம்பு வந்தால் இடம் மாற்று என்று இருநூறு வரி. கொத்தமல்லி சரியானது. பிறகு உகரம் வந்தது. கு, சு, டு, மு என்று ஒவ்வொன்றும் ஒவ்வொரு விதமாக வாலை வளைக்கும். பொதுவான ஒரு குறியைப் பக்கத்தில் ஒட்டினால் ஆகாது. அதையும் பட்டியல் போட்டுச் சமாளித்தார்கள். அதன்பின் 'ஸ்ரீ' என்று தொடங்கும் ஒரு கடைப் பெயர் வந்தது. ஸ, புள்ளி, ர, ஈகாரம் என்று நான்கு குறியீடு சேர்ந்து ஒரே உருவம். அதையே வடமொழி ஶ போட்டும் தட்டலாம். 2005-இல் யூனிகோட் 4.1 அந்த எழுத்தைச் சேர்த்ததிலிருந்து இரண்டு வகையும் புழக்கத்தில் உண்டு. அன்றைக்குத்தான் அந்த இருநூறு வரியையும் தூக்கிப் போடுவது என்று முடிவெடுத்ததாகச் சொன்னார் அங்கே எல்லோரும் அக்கா என்று கூப்பிடும் மூத்த பொறியாளர்.

"நாம படுற பாட்டை ஏற்கெனவே ஒருத்தர் பட்டு முடிச்சு, இந்தா எடுத்துக்கோன்னு வெச்சிருக்காருங்க. அப்பறம் எதுக்கு?"

அவர் சொன்னது ஹார்ஃப்பஸ். பாரசீகத்தில் ஹர்ஃப் என்றால் எழுத்து, பாஸ் என்றால் திறந்தது. ஓப்பன்டைப் என்ற எழுத்துரு முறையின் பெயரைத்தான் அப்படி மாற்றி வைத்திருக்கிறார்கள். எழுத்துருவைத் திறந்து காட்டும் ஃப்ரீடைப் திட்டத்துக்குள் பிறந்த நிரல் அது. பெஹ்தாத் எஸ்ஃபஹ்போத் என்பவர் அதைப் புதிதாக எழுதி வளர்த்தார். குரோம், ஃபயர்ஃபாக்ஸ், ஆண்ட்ராய்டு, லிப்ரே ஆபீஸ் எல்லாவற்றிலும் எழுத்தை அடுக்குவது இதுதான். ஆண்ட்ராய்டு போனில் தமிழ்ச் செய்தி படிக்கிறவர்கள் பெயர் தெரியாமலே தினமும் இதன் கையால் வாங்கிச் சாப்பிடுகிறார்கள்.

இப்படி ஒரு லைப்ரரியைச் சேர்ப்பது என்றால் ஒரு வரி எழுதினால் போதும் என்று நான் நினைத்திருந்தேன். அந்த ஒரு வரியை அவர்கள் எழுதியது இரண்டாம் நாள் மாலையில்.

முதல் நாள் காலை முழுக்கப் படிப்பு. முதலில் உரிமக் கோப்பு. ஹார்ஃப்பஸ் பழைய எம்.ஐ.டி உரிமத்தில் வருவது. காப்புரிமைக் குறிப்பை எடுத்துவிடாமல் வைத்தால் விற்கும் பொருளிலும் போடலாம். கூடவே வேண்டியிருந்த ஃப்ரீடைப்புக்கு இரண்டு உரிமம், எது வேண்டுமோ எடுத்துக்கொள்ளலாம்: ஒன்று ஜி.பி.எல் இரண்டாம் பதிப்பு, மற்றது அவர்களுடைய சொந்த உரிமம். சொந்த உரிமத்தில் ஒரு நிபந்தனை, பொருளோடு தரும் கையேட்டில் ஃப்ரீடைப்பைப் பயன்படுத்தியதைச் சொல்லவேண்டும். முதலாளி எட்டிப் பார்த்து, "நம்ம மிஷின் புத்தகத்துல எவன் பேரு இது?" என்றார். அக்கா நிமிரவே இல்லை. "காசு கேக்கலைங்க, பேரைத்தான் கேக்கறாங்க. போட்டுருவோம்." கையேட்டின் கடைசிப் பக்கத்தில் அந்த வரி ஏறியது. பல நிறுவனங்களில் இந்தப் படியையே தாண்டிக் குதித்துவிடுகிறார்கள். இலவசம் என்ற சொல் காதில் விழுந்ததும் மற்றது விழுவதில்லை.

பிறகு மூலநிரலை இறக்கினார்கள். சுருக்கிக் கட்டிய வெளியீட்டுக் கோப்பை எடுக்காமல், கிட் களஞ்சியத்திலிருந்து ஒரு குறிப்பிட்ட பதிப்பை எடுத்து அதன் கமிட் எண்ணை நோட்டில் பேனாவால் எழுதிக்கொண்டார் அக்கா. ஏன் என்று கேட்டேன். 2024 மார்ச்சில் எக்ஸ்.இசட் என்ற லைப்ரரியில் பிடிபட்ட கள்ளக் கதவைப் பற்றிச் சொன்னார். விஷத்தைக் கிளப்பிவிடும் துண்டு அதன் வெளியீட்டுக் கோப்பில் மட்டும் இருந்தது. களஞ்சியத்தில் பார்த்தவர்கள் கண்ணில் பட்டிருக்காது. ஆந்த்ரெஸ் ஃப்ராய்ண்ட் என்ற பொறியாளர், எஸ்.எஸ்.எச் நுழைவு அரை நொடி தாமதமாவதைக் கவனித்து நூல் பிடித்துப் போய்க் கண்டுபிடித்தார். களஞ்சியத்திலிருந்து எடுத்தால் மட்டும் எல்லாம் பத்திரம் ஆகிவிடாது, என்ன எடுத்தோம் என்பதாவது தெரியும் என்றார்.

அடுத்தது பில்டு. மெசான் என்ற கருவி திட்டத்தைப் படித்து வேலைப் பட்டியல் போடும், நிஞ்ஜா அதை ஓட்டும். வேண்டாத கிளைகளையெல்லாம் முதலிலேயே வெட்டினார்கள்: ஜிலிப் வேண்டாம், ஐ.சி.யு வேண்டாம், கெய்ரோ வேண்டாம். ஃப்ரீடைப் மட்டும் வேண்டும். அங்கேதான் ஒரு முடிச்சு. இவர்கள் கட்டும் விதத்தில் ஹார்ஃப்பஸுக்கு எழுத்துருவைத் திறந்து காட்ட ஃப்ரீடைப் வேண்டும். ஃப்ரீடைப்போ, தன் எழுத்துச் செதுக்கும் வேலைக்கு ஹார்ஃப்பஸ் இருந்தால் நல்லது என்கிறது. மாமனுக்கு மச்சான் ஜாமீன், மச்சானுக்கு மாமன் ஜாமீன். இந்தக் கூத்து இந்தத் தொழிலில் எல்லோருக்கும் தெரிந்ததுதானாம். முதலில் ஹார்ஃப்பஸ் இல்லாத ஃப்ரீடைப்பைக் கட்டி, அதை வைத்து ஹார்ஃப்பஸைக் கட்டினார்கள். வேண்டுமானால் ஃப்ரீடைப்பை இன்னொரு தடவை கட்டலாம். இவர்களுக்கு வேண்டியிருக்கவில்லை.

வேலைக்குச் சேர்ந்து ஆறு மாதமே ஆன பொள்ளாச்சித் தம்பி ஒருவர்தான் கட்டியது. பத்து நிமிடத்தில் முடித்துவிட்டு ரொம்பப் பெருமையாகத் திரும்பினார். லிங்க் செய்தால், ஹார்ஃப்பஸைக் காணவில்லை என்கிறது லிங்கர். கோப்பு கண்ணெதிரே இருக்கிறது. மூன்று தடவை பாதையை மாற்றிப் பார்த்தார், காதெல்லாம் சிவந்துவிட்டது. அக்கா எழுந்து வந்து மேலே இருந்த வரியைக் காட்டினார்: பொருந்தாத கோப்பு, தாண்டிப் போகிறேன் என்று அங்கேயே எழுதியிருக்கிறது. தம்பி கட்டியது தன் லேப்டாப்புக்கு. மிஷினில் இருப்பது ஏ.ஆர்.எம்.

"கடைசி வரியை மட்டும் படிக்காதே கண்ணு. எர்ரர் மேல இருந்து வரும்."

போர்டுக்கான கம்பைலர் எது, எந்தச் சிப் என்று ஒரு கோப்பில் எழுதி மெசானிடம் கொடுத்து மறுபடி கட்டினார்கள். அளவைக் குறைக்க எச்.பி டைனி என்ற ஒரு அமைப்பு உண்டு. தம்பி அதைப் போட்டிருந்தார். ஆவணத்தைப் படித்த அக்கா எடுக்கச் சொன்னார். அதைப் போட்டால் பல த்ரெட்கள் ஒரே சமயத்தில் லைப்ரரியைத் தொடும்போது இருக்கவேண்டிய காவலும் சேர்ந்து கழன்றுவிடும். இவர்கள் மிஷினில் திரைக்கு ஒரு த்ரெட், பிரிண்டருக்கு ஒரு த்ரெட். மேசையில் ஒழுங்காக ஓடும். தீபாவளிக் கூட்டத்தில் ஒரு கடையில் நின்றுபோகும், ஏன் என்று யாருக்கும் விளங்காது. மூன்று நாளில் நான் பார்த்த ஆகச் சிறந்த வேலை எது என்று கேட்டால், அந்த ஒரு வரியை அழித்ததைத்தான் சொல்வேன்.

இரண்டாம் நாள் மாலை முதல் சீட்டு. கொத்தமல்லி என்று கொடுத்தார்கள். நமக்கு ஆறு எழுத்து, யூனிகோடில் 10 குறியீடு, யு.டி.எஃப்-8 கணக்கில் 30 பைட். பிரிண்டர் கீச்சிட்டது. தாளில் ஒரே ஒரு ஒற்றைக்கொம்பு. அதற்குப் பிறகு வெறும் வெள்ளை.

தம்பி முகம் செத்துவிட்டது. அக்காவோ சிரிக்கத் தொடங்கினார். "டேய், கொம்பு முதல்ல வந்துருச்சு பாரு!" உண்மைதான். எழுத்தை அடுக்கும் வேலை சரியாக நடந்திருக்கிறது. மற்ற எழுத்துகள் எங்கே? ஃப்ரீடைப் வழியாக வரும் அளவுகள் புள்ளிக் கணக்கில் இருப்பதில்லை, ஒரு புள்ளியை 64 கூறாக்கிய கணக்கில் இருக்கும். தம்பி 64-ஆல் வகுக்கவில்லை. இருபது புள்ளி தள்ளி வைக்க வேண்டிய க ஆயிரத்துச் சொச்சம் புள்ளி தள்ளிப் போயிருக்கிறது. தாளில் இடம் 384 புள்ளிதான். க-வும் காலும் மிச்சக் கொத்தமல்லியும் தாளைத் தாண்டி, மேசையையும் தாண்டி எங்கேயோ அச்சாகியிருக்கும்.

வகுத்தார்கள். கொத்தமல்லி வந்தது. கொம்பு, க, கால், புள்ளி எல்லாம் அதனதன் இடத்தில். பெரியப்பா பார்த்திருந்தால் த-வுக்கும் ம-வுக்கும் நடுவே இடைவெளி கொஞ்சம் கூட என்று சொல்லியிருப்பார். கொம்பு மட்டும் வந்த சீட்டைத் தம்பி மடித்துப் பர்ஸில் வைத்துக்கொண்டார்.

மூன்றாம் நாள், அண்ணாச்சி கடையின் சரக்குப் பட்டியல் முழுவதையும் ஓட்டினார்கள். சீட்டு பாம்பு மாதிரி தரையில் நீண்டது. தம்பி ஒரு முனை, நான் ஒரு முனையாகப் பிடித்துக்கொண்டு படித்தோம். ஸ்ரீ இரண்டு வகையும் சரி. ஒகரக் குறியைத் தனித்தனியாகக் கொம்பு, கால் என்று தட்டியிருந்த இடங்களும் சரி. ஒரே ஒரு சொல் இடறியது. சீட்டில் 'பௌடர்' என்று அழகாக இருக்கிறது. திரையில் தேடினால் கிடைக்கவில்லை. தட்டியவர் ஔகாரம் போடாமல் கொம்பும் பக்கத்தில் ஒரு ள-வும் போட்டிருக்கிறார். கண்ணுக்கு இரண்டும் ஒன்று. கணினிக்கு அது 'பெ', 'ள'.

"இது லைப்ரரி பண்ற வேலை இல்லைங்க. அவங்க தட்டினதைத்தானே அது அடுக்கும்" என்றார் அக்கா. டால்கம், மிளகாய், மல்லி, மஞ்சள் என்று அப்படி நிறைய. எப்படித் திருத்துவது என்று அண்ணாச்சிக்கே போன் போட்டார்கள். ஔகாரம் என்றால் என்ன என்று தம்பி விளக்க ஆரம்பித்தார். பாதியிலேயே குறுக்கிட்டுவிட்டார் அண்ணாச்சி.

"எதுக்கு தம்பி அவ்ளோ பெரிய எழுத்து? பவுடர்னு போடுங்க."