சாக்கும் பாக்கும்

எங்கள் வீட்டில் சில ஆண்டுகளாக ஒரு வேடிக்கை நடந்து வந்தது. "உம்மா, அந்தச் சாக்கை எடுங்கள்" என்றால், உம்மா பாக்குப் பெட்டியை எடுத்து நீட்டுவார்கள். பிள்ளைகள் சிரிப்பார்கள், உம்மாவும் சேர்ந்து சிரிப்பார்கள். நானும் சிரித்திருக்கிறேன். சிரிக்க நேரமில்லாத நாட்களில் குரலை உயர்த்திக் கத்தியும் இருக்கிறேன்.

எழுபதைத் தாண்டியவர்களுக்குச் செவி மந்தமாவது இயல்புதானே என்று எண்ணி, நாங்கள் அதனைப் பெரிதாகக் கருதவில்லை. பின்னர் ஒருநாள் கடையொன்றில் செவிக்கருவி வாங்கி வந்தேன். எவ்விதப் பரிசோதனையும் செய்யாமலே விற்றார்கள். நானும் கேளாமலே வாங்கினேன். பத்தே நாட்களில் உம்மா அதைக் கழற்றி அலமாரியில் வைத்துவிட்டார்கள். "பாத்திரம் விழுந்தா தலையிலே அடிக்கிற மாதிரி இருக்குது வாப்பா. பேச்சு மட்டும் விளங்கலே" என்றார்கள். பணம் வீணாயிற்றே என்று கடிந்துகொண்டேன்.

இரண்டு ஆண்டுகள் கழித்தே முறையான பரிசோதனைக்கு அழைத்துச் சென்றேன். வெளியோசை புகாத சிறு அறையில் உம்மாவை அமர்த்தி, 250 ஹெர்ட்ஸ் முதல் 8,000 ஹெர்ட்ஸ் வரை ஒவ்வோர் அதிர்வெண்ணாக ஒலிக்கச் செய்து, எது கேட்கிறது, எது கேட்கவில்லை என்று குறித்தார் அங்கிருந்த பெண்மணி. முடிவில் அவர் காட்டிய வரைபடத்தில், தாழ்ந்த அதிர்வெண்களில் ஏறக்குறையச் சமமாகச் சென்ற கோடு, 2,000 ஹெர்ட்ஸைக் கடந்ததும் கிணற்றுப் படிக்கட்டுபோல் சரிந்து இறங்கியிருந்தது.

அதன் பொருளை அவர் விளக்கியபோதுதான் என் அறியாமை எனக்கு விளங்கிற்று. உயிரெழுத்துகளின் வலிமை தாழ்ந்த அதிர்வெண்களில் இருக்கிறது. ச, ஸ, ஷ போன்ற மெய்களின் ஓசையோ மெலிதானது; உயர்ந்த அதிர்வெண்களிலேயே பெரிதும் ஒலிப்பது. 'சாக்கு' என்னும் சொல்லில் உயிர் உம்மாவின் செவியை அடைந்தது. முதல் மெய் வழியிலேயே நின்றுவிட்டது. சாக்கா, பாக்கா, நாக்கா என்பதை அவர்கள் அனுமானித்தே அறியவேண்டியிருந்தது. நாம் கத்தும்போது பெருகுவதும் பெரும்பாலும் உயிரோசைதான். ஆகவே என் கத்தல் அவர்களுக்குப் பொருளைத் தரவில்லை. இரைச்சலை மட்டுமே தந்தது.

உட்செவியில் நத்தை ஓடுபோல் சுருண்ட ஓர் உறுப்பு உண்டு. அதன் வாயிலருகே உயர்ந்த அதிர்வெண்களும், உச்சியில் தாழ்ந்தவையும் உணரப்படுகின்றன. ஒவ்வொரு செவியிலும் அவற்றை உணரும் மயிரணுக்கள் சுமார் 15,000. முதுமையில் வாயிலருகே உள்ளவையே முதலில் நலிகின்றன. மனிதருக்கு அவை மீண்டும் முளைப்பதில்லை.

புதிய கருவிக்குள் இருப்பது ஒரு சின்னஞ்சிறு கணினி. அதன் மென்பொருள், வந்து சேரும் ஒலியை ஒரு வினாடியில் பல்லாயிரம் முறை அளந்து எண்களாக்குகிறது. அதிர்வெண் வாரியாகப் பல பட்டைகளாகப் பிரிக்கிறது. குறையுள்ள பட்டையை மட்டும் வேண்டிய அளவு உயர்த்துகிறது. மெல்லிய ஒலியை மிகுதியாகவும், உரத்த ஒலியைக் குறைவாகவும் பெருக்குகிறது. எவ்வளவு பெருக்கினாலும் எட்டாத மிக உயர்ந்த ஒலிகளைக் கீழிறக்கி, செவி இன்னும் உயிரோடிருக்கும் இடத்திற்குக் கொண்டுவருவதும் உண்டு. காதிலிருந்து கசிந்த ஒலி மீண்டும் உள்ளே புகுந்து சீழ்க்கையடித்தால், அதற்கு எதிரான அலையை உண்டாக்கி அடக்குகிறது. இத்தனையும் ஒரு வினாடியின் நூறில் ஒரு பங்கிற்குள் முடிந்தாக வேண்டும். தாமதித்தால் பேசுபவருக்குத் தம் குரலே இரண்டாகக் கேட்கும். வெப்பம் பரவுவதை ஆராய்ந்த பிரெஞ்சு அறிஞர் ஃபூரியே, 1822-இல் வெளியிட்ட நூலில் விளக்கிய கணிதத்தின் வழிவந்ததே இப்பகுப்பு. அதை விரைந்து கணக்கிடும் வழியை 1965-இல் கூலி, டூக்கி என்னும் இருவர் வெளியிட்டனர்.

அந்தப் பெண்மணி கருவியைக் கணினியுடன் இணைத்து, உம்மாவின் வரைபடத்திற்கேற்ப ஒவ்வொரு பட்டையாகச் சரிசெய்தார். உம்மா முந்தானையை இழுத்துவிட்டார்கள். திடுக்கிட்டுக் கையைப் பார்த்தார்கள். "வளையல் சத்தம் போடுது" என்றார்கள். அன்று மாலை அடுக்களையில் கடுகு வெடிப்பதை நின்று கேட்டுக்கொண்டிருந்தார்கள்.

எல்லாம் ஒரே நாளில் சீராகிவிடவில்லை. புதிய ஓசைகளுக்கு மூளை பழகச் சில வாரங்கள் ஆயின. அதற்குள் மும்முறை திருத்தியமைக்க நேர்ந்தது. கல்யாண வீட்டு இரைச்சலில் இன்றும் உம்மா திணறுகிறார்கள். கருவி இழந்த செவியைத் திருப்பித் தருவதில்லை. எஞ்சியிருப்பதைக் கொண்டு வாழ வழிசெய்கிறது. எனவே நாங்களும் பழக்கத்தை மாற்றிக்கொண்டோம். முகம் பார்த்து, நிதானமாக, சாதாரணக் குரலில் பேசுகிறோம்.

ஒரு மாதம் சென்றபின், திண்ணையில் அமர்ந்திருந்தபோது உம்மா தாமாகவே சொன்னார்கள்: "இத்தனை வருஷமா நீங்க எல்லாரும் என்மேலே கோபமாவே பேசுறீங்கன்னு நினைச்சிட்டிருந்தேன் வாப்பா. என்ன தப்புச் செஞ்சோம்னு யோசிச்சு யோசிச்சுப் பார்ப்பேன். அதனாலேதான் எதுக்கெடுத்தாலும் சிரிச்சு வச்சேன்."

எனக்குப் பதில் எழவில்லை. சற்றுநேரம் கழித்து, மன்னித்துக்கொள்ளுங்கள் உம்மா என்றேன். மிகவும் மெதுவாகத்தான் சொன்னேன். அவர்களுக்குக் கேட்டது.