படத்தில் விழாத சாரல்

பெருமழை என்றால் வீட்டில் இருந்துவிடலாம். வெயில் என்றால் வெளியே போய்விடலாம். சாரல் என்றால் என்ன செய்வது? குடை பிடித்தால், "இதற்கா குடை?" என்று சிரிப்பார்கள். பிடிக்காமல் போனால், "காய்ச்சல் வந்தால் தெரியும்" என்று கடிவார்கள். இங்குமில்லை, அங்குமில்லை என்று நடுவே நிற்பது சாரல். எங்கள் ஊரும் அத்தகையதே.

கேரளத்தின் இடுக்கி மாவட்டம், தேவிகுளம் வட்டத்தில், ஏறத்தாழ 5,000 அடி உயரத்தில் இருக்கிறது காந்தலூர். "இராசராசன் கலமறுத்த ஊரா?" என்று தமிழ்த்துறை நண்பர் ஒருவர் வினவினார். அந்தக் காந்தளூர்ச்சாலை திருவனந்தபுரத்துப் பக்கம், அதற்கு 'ளூ'. எங்களுக்கு 'லூ'. ஓர் எழுத்து மாறியதால் மெய்க்கீர்த்தியில் இடம் போயிற்று! ஆயினும் ஊர் பழையது. மறையூர், காந்தலூர் முதலிய ஐந்து ஊர்கள் சேர்ந்த பகுதிக்கு அஞ்சுநாடு என்று பெயர். பாண்டி நாட்டிலிருந்து மலையேறி வந்தவர்கள் அமைத்த ஊர்கள் என்று பெரியவர்கள் சொல்வார்கள். அவர்களுக்கும் முன்னே வாழ்ந்தவர்கள் மறையூர்ப் பாறைகளின்மேல் கல்லடுக்கி வைத்த முனியறைகள் பெருங்கற்காலத்தவை. எங்கள் குடும்பமோ நேற்று வந்தது. தேனிப் பக்கத்திலிருந்து என் பாட்டனார் பூண்டு விதைக்க வந்தார். விதைத்த இடத்திலேயே தாமும் வேர்விட்டார்.

சென்ற ஆடியில் ஒரு வாரம் ஊருக்குப் போயிருந்தேன். தென்மேற்குப் பருவக் காற்று மூணாறுப் பக்கத்து மலையில் ஏறும்போது குளிர்ந்து, தன் சுமையை அங்கேயே கொட்டிவிடுகிறது. மலையைத் தாண்டி இறங்கும் காற்று, நூறு மீட்டருக்கு ஏறத்தாழ ஒரு பாகை வீதம் சூடேறி வறண்டுபோகிறது. ஆதலால் மூணாற்றில் பெருமழை பொழியும் நாளில் எங்களுக்குக் கிடைப்பது அதன் மிச்சம். மழைமறைவுப் பகுதி என்று நூல்கள் கூறும். "மூணாறு குளிச்சிட்டுத் தலையத் துவட்டுது" என்று என் அப்பத்தா கூறுவார். பௌதிகம் படிக்கும் எனக்கும் அப்பத்தாவின் விளக்கமே பிடிக்கிறது.

ஒரு நாள் காலையில் புகைப்படக் கருவியைத் துண்டில் சுற்றிக்கொண்டு தனியே கிளம்பினேன். பிறந்து வளர்ந்த ஊர். கண்ணைக் கட்டிவிட்டாலும் நடப்பேன். ஆனால் நனைந்த ஊர் வேறு ஊர். கல் கறுக்கிறது; மண் சிவக்கிறது. நனைந்த பரப்பு ஒளியை வெளியே சிதறவிடாமல் உள்வாங்கிக்கொள்வதால் நிறம் ஆழமாகிறது. வீடுகளில் கட்டித் தொங்கவிட்ட பூண்டின் வாசம் தெருவரை வந்தது. 2022இல் இந்தப் பூண்டுக்குப் புவிசார் குறியீடு கிடைத்தது. எனினும் விலை தேடி அது மலையிறங்கி வடுகபட்டிச் சந்தைக்குப் போவதே பழைய வழக்கம்.

கடையில் தமிழில் தேநீர் கேட்டேன். மலையாளத்தில் சில்லறை வந்தது. இருவருக்கும் அது புதுமையாகத் தோன்றவில்லை. 1956இல் மொழிவழி மாநிலங்கள் அமைந்தபோது தேவிகுளம் கேரளத்தில் நின்றது. "நீ தமிழ்நாடா, கேரளமா?" என்று விடுதியில் இன்றும் கேட்கிறார்கள். கேரளத்தின் 44 ஆறுகளில் கிழக்கே பாய்பவை மூன்றே. அவற்றுள் ஒன்று எங்கள் பாம்பாறு. எங்கள் கூரையில் விழும் சாரல் அதில் சேர்ந்து, அமராவதி வழியே காவிரியை அடைகிறது. அதனிடம் யாரும் இந்தக் கேள்வியைக் கேட்பதில்லை.

இருபது படங்கள் எடுத்திருப்பேன். எல்லாவற்றிலும் ஊர் இருந்தது; சாரல் மட்டும் இல்லை. காரணம் எளிது. சாரல் துளியின் விட்டம் அரை மில்லிமீட்டரைத் தாண்டாது. அரை மில்லிமீட்டர்த் துளி வினாடிக்கு ஏறத்தாழ இரண்டு மீட்டர் வேகத்தில் விழும். கருவியின் கண் ஐம்பதில் ஒரு வினாடி திறந்திருந்தால், துளி அதற்குள் நான்கு சென்டிமீட்டர் கடந்துவிடும். அந்த மெல்லிய கோடு வெளுத்த வானத்திலும் வெள்ளைச் சுவரிலும் கரைந்துபோகும். சாரல் தெரியவேண்டுமானால் அதன் பின்னே இருள் வேண்டும்.

பெரியப்பா வீட்டை அடைந்தேன். மண்சுவர், தாழ்ந்த கூரை. தை பிறந்ததும் அதை இடித்துவிட்டுச் சுற்றுலாப் பயணிகளுக்கு நான்கு அறைகள் கட்டப்போகிறார். 2023இல் ஒன்றிய அரசின் சிறந்த சுற்றுலாக் கிராமப் போட்டியில் காந்தலூருக்குத் தங்க விருது கிடைத்தது. அதிலிருந்து அவருக்கு இதே பேச்சு.

"தம்பி, விளம்பரப் பலகைக்கு ஒரு படம் வேணும். மலையும் மேகமும் நல்லா விழணும். வீடு மட்டும் விழுந்துறக் கூடாது" என்றார்.

"வீட்டை இடிச்சுத்தான் ஆகணுமா, பெரியப்பா?"

"நீ வருசத்துக்கு ஒரு வாரம் வந்து படம் புடிக்கிற. நான் மிச்சம் ஐம்பத்தோரு வாரமும் ஒழுகுற இடத்துக்குச் சட்டி வைக்கிறேன். தங்கச்சி படிப்புச் செலவுக்குப் பூண்டு விலைய நம்ப முடியுமா?"

விடை சொல்ல நாவெழவில்லை. பழமையின் அழகை வாழ்த்துவது எளிது. அதன் கூரைக்கடியில் படுப்பவர் வேறொருவராக இருந்தால் இன்னும் எளிது. ஊரைவிட்டு வந்த நம்மில் பலருக்கும் இது பொருந்தும் அல்லவா? நாம் பட்டணத்தில் மின்விளக்கின்கீழ் அமர்ந்துகொண்டு, ஊர் மட்டும் அகல்விளக்கோடு இருக்கவேண்டும் என்று ஆசைப்படுகிறோம்.

அவர் கேட்ட படத்தை எடுத்தேன். மலை விழுந்தது, மேகம் விழுந்தது, வீடு விழவில்லை. பிறகு திரும்பி, திறந்திருந்த வாசலை நோக்கினேன். உள்ளே விளக்கில்லை. கரும்பலகை போன்ற அந்த இருட்டின் முன்னே சாரல் நூல் நூலாக இறங்கிக்கொண்டிருந்தது. எடுத்தேன். அன்று சாரல் விழுந்த படம் அது ஒன்றே. கருவியின் சிறு திரையில் காட்டினேன். பெரியப்பா நெடுநேரம் பார்த்தார்.

"இதுலயும் ஒன்னு போட்டுக் குடு. பலகைக்கு இல்ல" என்றார்.

நண்பர்களே! அடுத்த விடுமுறையில் நீங்களும் ஊருக்குப் போவீர்கள். திருவிழாவையும் திருமணத்தையும் படமெடுக்க ஆள் உண்டு. ஒன்றும் நிகழாத ஒரு நாளில் கருவியோடு தெருவில் இறங்குங்கள். அங்கே வாழ்பவர்களுக்கு எந்தப் படம் வேண்டும் என்று கேட்டு, முதலில் அதை எடுத்துக் கொடுங்கள். உங்களுக்கு வேண்டியதைப் பிறகு எடுத்துக்கொள்ளலாம். இடிக்கப்போகிற சுவர் ஏதேனும் இருந்தால் மட்டும், தை பிறக்கும் முன்பே போய்ச் சேருங்கள்.