ஒரு விக்கெட் பாக்கி

2025 பேஸ்பால் உலகத் தொடரின் கடைசி ஆட்டத்தில் எங்கள் டொராண்டோ அணி 11-ஆவது இன்னிங்ஸில் 5-4 என்று தோற்ற ராத்திரி, என் பையன் அழுதுகொண்டே படுக்கப் போனான். எனக்கு பேஸ்பால் அரைகுறைதான். ஆனால் மயிரிழையில் தோற்பது என்றால் என்னவென்று பாலக்காடு நூரணி வீட்டுத் திண்ணையில் நிறையவே கேட்டிருக்கிறேன். அப்பாவுக்கு மூணாறில் எஸ்டேட் ஆபீஸ் வேலை. பரீட்சை முடிந்ததும் மலையிறங்கி தாத்தாவிடம் வந்துவிடுவோம். வந்த முதல் நாளே 1944 மேட்ச் ஆரம்பித்துவிடும்.

தாத்தா அப்போது பம்பாயில் குமாஸ்தா. மாதுங்காவில் ஜாகை. உலக யுத்தம் நடந்துகொண்டிருந்தாலும் பெண்டாங்குலர் கிரிக்கெட் நிற்கவில்லை. ஹிந்து, முஸ்லிம், பார்ஸி, ஐரோப்பியர், மற்றவர்கள் என்று ஐந்து டீம். மதத்துக்கு ஒரு டீம் என்பது இன்றைக்கு நினைத்தாலே எனக்குக் கூசுகிறது. காந்தி 1940-லேயே வேண்டாமென்றார். தாத்தாவும் காந்தி பக்தர்தான். ஆனால் பாட்டி செத்துப்போனதாக லீவு போட்டு (அது மூன்றாவது தடவையாம்!) பிரபோர்ன் ஸ்டேடியத்துக்குப் போயிருக்கிறார். கூடவே ஆபீஸ் சிநேகிதர், தாத்தாவுக்கு அவர் 'பாய்'.

ஃபைனலில் ஹிந்துக்களுக்கு விஜய் மெர்ச்சன்ட் கேப்டன், முஸ்லிம்களுக்கு முஷ்டாக் அலி. கடைசி இன்னிங்ஸில் முஸ்லிம்களுக்கு 298 வேண்டும். ஒரு பக்கம் விக்கெட் விழுந்துகொண்டே இருக்க, ஓப்பனர் கே.சி. இப்ராஹிம் மட்டும் நகரவில்லை. 137 நாட் அவுட். ஒன்பது விக்கெட் போய், ஒரே ஒரு விக்கெட் பாக்கியில் ஜெயித்துவிட்டார்கள்.

"அவன் நடுவுலயே அவுட்டாக்கும். பேட்ல பட்ட சத்தம் என் காதுல கேட்டுது, கேட்டியாடா" என்பார் தாத்தா. மலிவு டிக்கெட்டில், அவ்வளவு தூரத்திலிருந்து!

1945-46-உடன் அந்தப் போட்டியே நின்றுபோனது. தேசம் பிரிந்ததும் பாய் கராச்சிக்குப் போனார். இப்ராஹிம் 1948-49-ல் இந்தியாவுக்காக நாலு டெஸ்ட் ஆடிவிட்டு, பிற்பாடு அவரும் பாகிஸ்தான் போனார். தாத்தாவும் பாயும் கடுதாசியிலேயே சண்டையைத் தொடர்ந்தார்கள். இவர் 'அவுட்' என்று எழுதுவார், பதிலுக்கு 'நாட் அவுட்' என்று வரும். குசலம் விசாரிப்பதெல்லாம் அதற்கப்புறம்தான். 1965 யுத்தத்துக்குப் பிறகு கடுதாசி வரவில்லை. தாத்தா மேலும் இரண்டு எழுதிப் பார்த்தார்.

இப்ராஹிம் 2007-ல் கராச்சியில் காலமானார். பேப்பரில் செய்தியைப் பார்த்த தாத்தா, "பாய் இருக்கானோ என்னவோ" என்றார். மேட்சைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை. மறு வருஷம் அவரும் போய்விட்டார்.

எங்கள் பாங்கில் கடன் பிரிவில் கராச்சிக்காரர் ஒருவர் என் பக்கத்து சீட். ஆறு வருஷமாக வெதரும் வட்டி விகிதமும் மட்டுமே பேசியிருக்கிறோம். பையன் அழுத கதையைச் சொல்லப்போய், அன்று சாப்பாட்டு வேளையில் தாத்தா கதையையும் முழுக்கச் சொன்னேன். கரண்டியைக் கீழே வைத்துவிட்டுக் கேட்டார்.

"சரி, உங்க தாத்தா எந்தப் பக்கம் உட்கார்ந்திருந்தார்?"

தெரியாது என்றேன்.

"அப்படின்னா நாட் அவுட்" என்றார்.

விடுவேனா? அன்றைக்கு இருவரும் சீட்டுக்குத் திரும்ப இருபது நிமிஷம் லேட்.