வானொலி வகுத்த பொழுது

கண்ணொளி இழந்தார்க்குப் பகல் எது, இரவு எது என்பதைப் பிறரே சொல்லுதல் வேண்டும். இவ்வுண்மையை நான் எந்நூலிலும் கற்றிலேன். என் ஆச்சியிடம் கற்றேன்.

ஆச்சிக்குப் பார்வை முற்றும் மங்கி ஈராண்டுகள் ஆகின்றன. பெற்றோர் இருவரும் பணிக்குச் சென்றபின், மாலைவரை அவள் வீட்டில் தனியே இருப்பாள். சென்ற ஆண்டு எனக்குக் கிடைத்த உதவித்தொகையில், ஆயிரக்கணக்கான பாடல்கள் அடங்கிய சிறு பாட்டுப்பெட்டி ஒன்றை வாங்கி அவளிடம் கொடுத்தேன். "ஆச்சி, இனி நினைத்ததை நினைத்தபோது கேட்கலாம்" என்று பெருமையுடன் கூறி விடுதிக்குத் திரும்பினேன். அடுத்த விடுமுறையில் சென்று பார்த்தபோது, அப்பெட்டி அலமாரியில் தூசி படிந்து கிடந்தது. காரணம் வினவினேன். "பாட்டெல்லாம் நன்றாகத்தான் இருக்கிறது, ஐயா. ஆனால் மணி என்ன ஆயிற்று என்று அது சொல்லவில்லையே" என்றாள். அவ்விடை அன்று எனக்கு விளங்கவில்லை. சிறிது மனத்தாங்கலும் உண்டாயிற்று.

பின்னர்க் கட்டுரைப் பயிற்சியொன்றின் பொருட்டுப் பிரிட்டன் நாட்டின் பழைய வானொலி நிகழ்ச்சி நிரல்களைப் பார்க்க நேர்ந்தது. ரேடியோ டைம்ஸ் என்னும் வார இதழ் 1923 முதல் அச்சிட்டு வந்த நிரல்களைப் பி.பி.சி. நிறுவனத்தார் யாவரும் காண இணையத்தில் வைத்திருக்கின்றனர். அவற்றுள் 1951ஆம் ஆண்டின் பக்கங்கள் என்னை ஈர்த்தன. அந்நாளில் அந்நாட்டு இல்லங்களில் தொலைக்காட்சி அருகியே காணப்பட்டது. வானொலியே வீட்டின் நடுவில் வீற்றிருந்தது. ஹோம் சர்வீஸ், லைட் புரோகிராம், தேர்டு புரோகிராம் என மூன்று ஒலிபரப்புகள் இருந்தன.

நேயர்களே, அக்காலத்து வேலைநாள் ஒன்றை என்னுடன் சற்றே கேட்டு வருவீர்களாக.

காலையில் எட்டு மணிச் செய்திக்கு முன், சில நிமிட ஆன்மிகச் சிந்தனை. ஒன்பது மணி கழிந்து பத்து நிமிடத்தில், இல்லத்தரசியர் எழுதிக் கேட்ட இசைத்தட்டுகள். 10.15க்கு அன்றாட ஆராதனை. கேத்லீன் கார்டோ என்னும் பெண்மணி விடாது வேண்டியதன் பயனாக 1928 ஜனவரி 2ஆம் நாள் தொடங்கிய ஆராதனை அது. நோயாலும் முதுமையாலும் ஆலயம் செல்ல இயலாதோர் தம் படுக்கையிலிருந்தே அதிற் கலந்துகொண்டனர். பின்னர்த் தொழிற்சாலைகளுக்கான இசை. போர்க்காலமாகிய 1940இல் பிறந்த அந்நிகழ்ச்சியில், கைத்தட்டலுக்கு இடமுள்ள பாட்டொன்று விலக்கப்பட்டதாம்; தொழிலாளர் தம் கருவிகளாலேயே தாளமிட்டு வேலையைக் கெடுத்துவிடுவர் என்று அஞ்சினராம்!

1.45க்கு ஐந்து வயதிற்குட்பட்ட மழலையர்க்குக் கதையும் பாட்டும். இரண்டு மணிக்கு மகளிர் நேரம். 1946இல் அது தொடங்கியபோது அதனை நடத்தியவர் ஆலன் ஐவிமி என்னும் ஆடவர் என்பது நகைப்புக்கு இடமானதே. ஐந்து மணிக்குச் சிறுவர் நேரம். மாலை 6.45க்கு ஆர்ச்சர்ஸ் என்னும் தொடர் நாடகம். உழவர் குடும்பம் ஒன்றின் கதையாகிய அது, அவ்வாண்டின் முதல் நாளில் நாடெங்கும் ஒலிக்கத் தொடங்கி, சில மாதங்களில் மாலைப் பொழுதுக்கு மாறியது. உணவுப் பங்கீடு 1954 வரை நீடித்த நாடாதலின், விளைச்சலைப் பெருக்கும் யோசனைகளை உழவர்க்குக் கதை வழியே ஊட்டுவதும் அதன் நோக்கமாயிற்று. இரவு ஒன்பதுக்குப் பிக்பென் மணியோசையும் செய்தியும். அப்பால், விரும்புவோர்க்குத் தேர்டு புரோகிராமில் உயர்ந்த இசையும் அறிஞர் உரையும்.

இவ்வமைப்பிற் குறையில்லை என்று கூறேன். மக்கள் எதைக் கேட்டல் வேண்டும் என்பதை ஒரு நிறுவனத்தாரே முடிவு செய்தனர். போட்டியாக வேறொரு வானொலி நிலையம் அந்நாட்டிற்குள் அன்று அனுமதிக்கப்படவில்லை. ஆயினும், அந்நிரலைப் படிக்குந்தோறும் ஆச்சியின் சொல் என் செவியில் ஒலித்தது. அடுப்படியில் தனித்திருந்த ஒரு மூதாட்டி, மழலையர் கதை கேட்டால் மணி ஒன்றே முக்கால் என்று அறிவாள். உழவர் நாடகம் தொடங்கினால் அந்தி என்று அறிவாள். அவ்வேளையில் தன்னைப் போன்ற பல்லாயிரவர் அதே குரலைக் கேட்டிருக்கின்றனர் என்பதும் அவளுக்குத் தெரியும். அவள் தேர்ந்தெடுக்க வேண்டியது ஒன்றுமில்லை. நாளே அவளைத் தேடி வந்தது.

பார்வையற்றோர்க்கு வானொலி இத்துணை இன்றியமையாதது என்பதை அந்நாட்டார் முன்னரே உணர்ந்திருந்தனர். வானொலி வைத்திருப்போர் ஆண்டுதோறும் உரிமக் கட்டணம் செலுத்துதல் வேண்டும் என்ற நிலையிலும், பார்வையற்றோர்க்கு அதனை இலவசமாக்கி 1926இல் ஒரு சட்டம் இயற்றினர். அவர்கட்கு வானொலிப் பெட்டி வழங்கவென நிதி திரட்டி, 1929ஆம் ஆண்டுக் கிறிஸ்துமஸ் நாளில் வின்ஸ்டன் சர்ச்சில் வானொலியிலேயே வேண்டுகோள் விடுத்தார்.

இவற்றையெல்லாம் ஆச்சியிடம் கூறியபோது அவள் வியப்படையவில்லை. "உன் தாத்தா இருந்தமட்டும் இராத்திரியில் லண்டன் தமிழோசை கேட்போம். அது முடிந்தால் விளக்கணைத்துப் படுப்போம்" என்றாள். லண்டனிலிருந்து 1941இல் தொடங்கிய அத்தமிழ் ஒலிபரப்பு, 2017 ஏப்ரல் 30ஆம் நாளுடன் வானொலியில் நின்றுபோயிற்று. அதே ஆண்டில்தான் தாத்தாவும் மறைந்தார். ஆச்சியின் இரவுக்கு அடையாளமாய் இருந்த இரண்டும் ஒருங்கே நீங்கின என்பதை நான் அன்றுவரை எண்ணிப் பார்த்ததில்லை. அவளுக்கு நான் கொடுத்தது ஆயிரம் பாட்டு. அவள் வேண்டியதோ ஒரு வேளை.

அதுமுதல் நாடோறும் மாலை ஆறே முக்கால் மணிக்கு விடுதியிலிருந்து தொலைபேசியில் அவளை அழைத்து, கால்மணி நேரம் ஏதேனும் வாசிக்கிறேன். ஒரு நாள் செய்தித்தாள். ஒரு நாள் சிறுகதை. வேறொன்றும் அகப்படாத நாளில் என் இலக்கணக் குறிப்புகள். அவள் எதையும் வேண்டாமென்று சொல்வதில்லை.

தேர்வுக் காலத்தில் ஒரு நாள் மறந்துவிட்டேன். மறுநாள் அழைத்தபோது ஆச்சி கடிந்துகொள்ளவில்லை. "நேற்று எனக்கு ஆறே முக்கால் ஆகவே இல்லை, ஐயா" என்று மட்டும் சொன்னாள்.

அதன்பின் இன்றுவரை நான் தவறியதில்லை.