திம்புள்ளக் காட்டுப் பாதையில் இரு சக்கரங்கள்

பங்குனி மாதத்துத் திம்புள்ளவுக்கு இரண்டு முகங்கள் உண்டு. காலையில் தேயிலைச் செடிகளின் மேல் பொன் தூவினாற்போல வெயில் விழும். பிற்பகலிலோ கருமேகம் திரண்டு இடியுடன் மழை கொட்டத் தொடங்கிவிடும். முதல் முகத்தைக் கண்டு மயங்கி, இரண்டாவதை மறந்து மலையேறுபவர்களே பெரும்பாலும் இடருறுகின்றனர்.

எமது தமக்கையாரின் மகன் பல்கலைக்கழக மாணவன். புதிதாக ஒரு மோட்டார் சைக்கிள் வாங்கியிருந்தான். தலவாக்கலையிலிருந்து லிந்துலை, அக்கரப்பத்தனை வழியாக டயகமவை அடைந்து, அங்கிருந்து தோட்டப் பாதைகளில் ஹோர்ட்டன் சமவெளிக் காட்டின் விளிம்பு வரை ஓட்டிப் பார்க்கவேண்டும் என்பது அவனுடைய ஆவல். "மாமாவும் கூடப் போவதானால் போகட்டும்" என்று தமக்கையார் சொல்லிவிட்டார். பொறுப்பு எமது தலையில் வந்து விழுந்தது.

நாம் உடனே இசையவில்லை. இருபது ஆண்டுகளுக்கு முன்னர் இதே மலைப்பக்கத்தில், ஒரு தோட்டத்துப் பாதையில், எவரிடமும் சொல்லிக்கொள்ளாமல் தனியாக வண்டியோட்டிச் சென்றோம். பாசி படிந்த கல்லில் முன்சக்கரம் வழுக்கியது. பதறிப்போய் முன்பிரேக்கை இறுகப் பிடித்தோம். செய்யத்தகாத காரியம் அதுவே. வண்டி சரிந்து எமது காலின் மேல் விழுந்தது. முறிந்த காலுடன், பக்கத்துக் கானில் நீரோடும் ஓசையைக் கேட்டுக்கொண்டு ஏறத்தாழ மூன்று மணி நேரம் கிடந்தோம். மாலையில் விறகு சுமந்து வந்த பெண்கள் இருவர் கண்டு கூவியழைத்தனர். லயத்திலிருந்து ஆட்கள் ஓடிவந்து, கம்பளியை ஒரு கம்பில் கட்டித் தூளியாக்கி எம்மைச் சுமந்து சென்றனர். அக்கம்பளியின் புகைமணம் இன்றைக்கும் எமக்கு நினைவிருக்கிறது. அன்றைய தினம் அவர்கள் வேறு வழியாக விறகுக்குப் போயிருந்தால் என்னவாகியிருக்கும் என்று பல இரவுகள் எண்ணியதுண்டு.

ஆகவே சனிக்கிழமை மாலை மருமகனை உட்காரவைத்து வண்டிகள் இரண்டையும் சோதித்தோம். பிரேக்கு, விளக்கு, எஞ்சின் எண்ணெய் இவற்றை அவன் முன்னரே பார்த்திருந்தான். சங்கிலி மட்டும் சற்று இறுக்கமாக இருந்தது. குண்டும் குழியுமான பாதையில் பின்சக்கரம் எழுந்து தாழ்வதற்கு இடம் கொடுத்தாக வேண்டும் என்று தளர்த்தினோம். டயரின் காற்றைச் சிறிது குறைத்தால் கற்பாதையில் பிடிப்புக் கூடும். ஆனால் தார் வீதிக்குத் திரும்பியதும் மீண்டும் நிரப்பவேண்டும். ஆதலால் கைப்பம்பு ஒன்றும், ஓட்டை அடைக்கும் சாமான்களும் பைக்குள் சென்றன. கிளச் பிடி ஒன்றை மேலதிகமாக எடுத்து வைத்தபோது, "இது எதற்கு மாமா?" என்றான். வண்டி விழுந்தால் எளிதில் முறிவது அதுவே என்றும், அது முறிந்தால் காட்டோரத்தில் தள்ளுவண்டிதான் என்றும் விளக்கினோம். தலைக்கவசம், கணுக்காலை மூடும் சப்பாத்து, தடித்த காற்சட்டை, மழைச்சட்டை, காயத்துக்குக் கட்டுத்துணி, அட்டைக்கு உப்பு, நனைந்தால் மாற்றிக்கொள்ளக் கம்பளிச் சட்டை, இத்தனையும் வேண்டும். ஹோர்ட்டன் சமவெளி 2,100 மீற்றருக்கு மேற்பட்ட உயரம். அங்கிருந்து இறங்கும் காற்று ஈர உடலைச் சும்மா விடாது.

இவற்றுள் எதுவும் ஒரு துண்டுக் காகிதத்துக்கு ஈடாகாது என்பது எமது எண்ணம். போகும் வழி, கடக்கும் தோட்டங்கள், திரும்பும் நேரம் யாவற்றையும் அதில் எழுதித் தமக்கையாரிடம் கொடுத்தோம். மாலை ஐந்து மணிக்குள் எமது குரல் கேட்காவிடில், டயகமவில் உள்ள எமது நண்பரான ஆசிரியருக்கு அவர் அறிவிக்கவேண்டும் என்பது ஏற்பாடு. 1990 என்ற இலக்கத்தை அழைத்தால் சுவசெரிய அம்புலன்ஸ் வண்டி இலவசமாக வரும் என்பது மெய்யே. ஆயினும் அழைப்பதற்குத் தொலைபேசி அலை வேண்டும். அது வந்து சேரச் சாலையும் வேண்டும். 2025 நவம்பர் இறுதியில் டித்வா சூறாவளி வந்தபோது மலையக வீதிகள் பல மண்சரிவால் துண்டுபட்டதை நாம் மறக்கலாகாது. மழைக்காலத்தில் தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனம் விடுக்கும் மண்சரிவு எச்சரிக்கையைப் பாராமல் புறப்படுவது பேதைமை.

ஞாயிறு காலை தலவாக்கலையில் பெற்றோல் நிரப்பிக்கொண்டு புறப்பட்டோம். அக்கரப்பத்தனையைத் தாண்டியதும் ஆக்ரா ஓயா பக்கத்தில் வந்து சேர்ந்துகொண்டது. இங்குள்ள பாதைகள் எவருடைய விளையாட்டுக்காகவும் வெட்டப்பட்டவையல்ல. 1869இல் இலங்கையில் தலைகாட்டிய இலைத்துரு நோய் கோப்பியை அழித்த பின்னர் இம்மலைகள் தேயிலைக்கு மாறின. தமிழகத்திலிருந்து வந்த எம்மவர் உழைப்பில் உருவான வழிகளிலேதான் இன்றும் கொழுந்து லொறி போகிறது, பிள்ளைகள் பள்ளிக்கு நடக்கின்றனர். வளைவுதோறும் ஒரு பிள்ளை எதிரே வருவதாக எண்ணி ஓட்டும்படி மருமகனிடம் சொன்னோம். தோட்டத்து அலுவலகத்தில் அனுமதியும் கேட்டுக்கொண்டோம். ஹோர்ட்டன் சமவெளி 1988 முதல் தேசியப் பூங்கா. அதற்குள் அனுமதியின்றி வண்டியோட்டுவது குற்றம். ஆதலால் விளிம்பே எமக்கு எல்லை.

ஓரிடத்தில் உயர்ந்த மரத்தில் குளவிக்கூடுகள் தொங்கின. கொழுந்து பறிப்போர் குளவிக் கொட்டுக்கு இலக்காகும் செய்தி பத்திரிகைகளில் அடிக்கடி வருவதை வாசகர் அறிவர். எஞ்சினை முறுக்காமல், ஒலிப்பானைத் தொடாமல் மெல்லக் கடந்தோம். செங்குத்தான இறக்கத்தில் தாழ்ந்த கியரில் வண்டியைத் தானாக இறங்கவிட்டு, பிரேக்கை மிருதுவாகத் தொடும் பழக்கம் அவனுக்கு விரைவிலேயே கைவந்தது. எமது மனமும் சற்றுக் குளிர்ந்தது.

காடு கண்ணுக்கு எட்டிய தூரத்தில், ஓடையொன்றைத் தாண்டும் தாழ்ந்த பாலத்தின் மேல் நீர் புரண்டோடிக்கொண்டிருந்தது. எம் தலைக்கு மேலே நல்ல வெயில். கரையில் நின்ற பெரியவர் ஒருவர் கையை உயர்த்தினார்.

"மேல மழை பிடிச்சிருச்சுங்க ஐயா. இங்க வெயிலடிக்கிதேன்னு பாக்காதீங்க."

"முழங்கால் அளவுதானே மாமா, போய்விடலாம்" என்றான் மருமகன்.

"தம்பி, தண்ணி கலங்கியிருக்கு பாருங்க. அடியில கல்லு இருக்குதா, பேந்து போச்சான்னு எனக்கே தெரியாது" என்றார் பெரியவர். அறுபது ஆண்டுகளாக அப்பாலத்தில் நடப்பவர் அவர்.

மருமகன் எம்மைப் பார்த்தான். காடு வெறும் அரை மைல். நாம் ஒன்றும் பேசாமல் வண்டியைத் திருப்பினோம். சிறிது நேரம் நின்றுவிட்டு அவனும் திருப்பினான், முகத்தில் தெளிவில்லை.

டயகமக் கடையொன்றில் வெறுந்தேநீர் பருகிக்கொண்டிருந்தபோது மழை கூரையை அறையத் தொடங்கியது. மூன்று மணிதான் ஆகியிருந்தது. அலை கிடைத்த வாசற்படியில் நின்று தமக்கையாரை அழைத்தோம். "ஐந்து மணி என்றல்லவா எழுதியிருந்தாய்? என்ன ஆயிற்று?" என்று பதறினார். ஒன்றும் ஆகவில்லை என்றோம். அவர் நம்பவில்லை; மகனுடைய குரலைக் கேட்கவேண்டும் என்றார்.