தெருவின் பெயரில் நான் எழுதிய பொய்

பக்கத்து வீட்டு நாய்கள்மேல் நான் கொடுத்த மனுவில் ஒரு வரி பொய். ‘தெருவில் போகிறவர்களைத் துரத்திக் கடிக்க வருகின்றன’ என்று எழுதியிருந்தேன். அந்த இரண்டு நாட்டு நாய்களும் ஒருநாளும் சங்கிலியை விட்டு வெளியே வந்ததில்லை. தெரிந்தேதான் எழுதினேன்.

குரைப்பு பொய்யில்லை. பெரம்பலூர் புறநகரில் எங்கள் தெரு முடிகிற இடத்தில் மக்காச்சோளக் காடு. ராத்திரி அங்கே சின்ன அரவம் கேட்டாலும் இரண்டும் விடியவிடியக் குரைக்கும். எனக்குத் தூக்கம் போயிற்று.

வக்கீல் ஒருவர் சட்டத்தை விளக்கினார். ஒரு வீட்டுக்கு மட்டும் தொல்லை என்றால் சிவில் கோர்ட்டில் தடையுத்தரவு கேட்க வேண்டும். செலவும் காலமும் பிடிக்கும். பொதுத் தொல்லை என்றால் கோட்டாட்சியரே உத்தரவு போடலாம். அப்போது அது குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 133-ஆவது பிரிவு. 2024 ஜூலை 1 முதல் பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 152-ஆவது பிரிவு. எது சுலபமோ அதற்குத் தோதாக என் தொல்லையைத் தெருவின் தொல்லையாக்கினேன். வீடுவீடாகப் போய், “அண்ணே, ஒரு கையெழுத்து போடுங்க” என்றேன். முகத்துக்காகப் போட்டார்கள், பலர் படிக்கக்கூட இல்லை. 2000-ஆம் ஆண்டு ஒலி மாசு விதிகளையும் சேர்த்தேன். குடியிருப்புப் பகுதியில் இரவு 10 மணி முதல் காலை 6 மணி வரை 45 டெசிபல்தான் வரம்பு. நான் எதையும் அளந்து பார்க்கவில்லை. திங்கட்கிழமை குறைதீர் கூட்டத்தில் மனுவைக் கொடுத்துவிட்டு வந்தேன்.

இத்தனை வாசல் ஏறிய நான் ஏறாதது அந்த ஒரு வீட்டு வாசல்தான். வீட்டுக்காரர் அரியலூரிலிருந்து சிமென்ட் லோடு ஏற்றிப் போகும் லாரி ஓட்டுநர். பல ராத்திரி அவர் மனைவியும் சின்னப் பெண்ணும் தனியாக இருப்பார்கள். நாய்கள் எதற்கு என்பதை யாரும் எனக்குச் சொல்லித்தர வேண்டியதில்லை.

விசாரணை என்று ஆள் வந்ததுமே ஓட்டுநரின் மனைவி பயந்துபோய் நாய்களைத் தன் அம்மா ஊருக்கு அனுப்பிவிட்டார். அதன் பிறகுதான் அவை கிடந்த இடத்தைப் பார்த்தேன். சுவரோரம் அடித்த முளை, ஒரு முழச் சங்கிலி, அது எட்டிய தூரம் வரை புல்லே இல்லாமல் தேய்ந்த மண். பகலெல்லாம் அப்படிக் கட்டிக் கிடந்த நாய் ராத்திரி குரைக்காமல் என்ன செய்யும்? எப்போதும் கட்டியே போட்டிருக்கும் நாயை நடமாட விடாமல் வைப்பது 1960-ஆம் ஆண்டு மிருகவதைத் தடுப்புச் சட்டத்தின் 11-ஆவது பிரிவின்படி குற்றம். எனக்குச் சாதகமான பிரிவுகளைத் தேடிப் படித்த நான் அதைப் படிக்கவில்லை. “சங்கிலியைக் கொஞ்சம் நீளமா விடும்மா, சாயங்காலம் நானே நடத்திக் கூட்டிட்டு வர்றேன்” என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம்.

பொய் எழுதியதை அந்தப் பெண்ணிடமும் கையெழுத்துப் போட்டவர்களிடமும் சொல்லிவிட்டேன். மன்னித்ததாக அவர் சொல்லவில்லை. சொல்ல வேண்டிய கட்டாயமும் அவருக்கு இல்லை.

தூக்கம் கெட்டவர்களுக்கு மனு கொடுக்க உரிமை உண்டு. அதற்கு முன் அந்த வீட்டுக் கதவைத் தட்டுங்கள். பேசியும் சரிவராமல் எழுத நேர்ந்தால், உங்களுக்கு நடந்ததை மட்டும் எழுதுங்கள். உங்கள் கோபத்துக்குத் தெருவைச் சாட்சி வைக்காதீர்கள்.