மஞ்சள் நிறத்தை நம்ப முடியாது

என் தங்கைக்கு மகன் 28 வாரத்திலேயே பிறந்துவிட்டான். எடை 1.1 கிலோ. நான்காம் நாள், கிருமித் தொற்றாக இருக்குமோ என்று சந்தேகப்பட்ட டாக்டர், முதுகில் ஊசி போட்டு நீர் எடுக்கக் கையெழுத்துக் கேட்டார்.

“முதுகுல ஊசி போட்டா கால் விளங்காமப் போயிடும்னு சொல்றாங்களே டாக்டர்?” என்றார் தங்கையின் மாமியார். நம் வீடுகளில் இந்தப் பயம் புதிதல்ல.

“தண்டுவடம் முடியிற இடத்துக்குக் கீழதாம்மா குத்துவோம். தொற்று இருந்து, அது தெரியாமப் போனாத்தான் ஆபத்து” என்றார் அவர். தங்கையின் கணவர் கையெழுத்திட்டார்.

தொற்று இல்லை. ஆனால் எடுத்த நீரில் இரத்தம் கலந்திருந்தது. வானொலியில் பேசிப் பிழைக்கும் எனக்கு அன்று வாயே திறக்கவில்லை. ஊசி ஒரு நாளத்தில் பட்டாலும் இரத்தம் வரும், மூளைக்குள் கசிந்திருந்தாலும் வரும். எப்படிப் பிரித்தறிவது?

பெரியவர்களுக்கு ஒரு வழி உண்டு. நீரை இயந்திரத்தில் வேகமாகச் சுழற்றினால் இரத்த அணுக்கள் அடியில் தங்கிவிடும். மேலே நிற்கும் நீர் தெளிவாக இருந்தால், அது பெரும்பாலும் ஊசியால் வந்த இரத்தம். மஞ்சளாக இருந்தால் கசிவு பழையது. சிவப்பணு சிதைந்து பிலிரூபின் ஆவதற்குப் பல மணி நேரம் வேண்டும். பச்சைக் குழந்தையிடம் இந்தக் கணக்குத் தப்பிவிடுகிறது. பாதிக்கு மேற்பட்ட குழந்தைகளுக்கு முதல் வாரத்தில் மஞ்சள் காமாலை வரும். அந்தப் பிலிரூபின் முதுகு நீரிலும் இறங்கும். குறைமாதக் குழந்தைக்கு அந்த நீரில் புரதமும் அதிகம். கசிவே இல்லாமல் நீர் மஞ்சளாகலாம்.

அதனால்தான் ஆய்வாளர்கள் நிறத்தை விட்டு வேறு அடையாளங்களை அளந்து பார்க்கிறார்கள். இரும்பைச் சேமிக்கும் ஃபெரிட்டின் ஒன்று. மூளை அணுக்கள் காயப்பட்டால் வெளியேறும் எஸ்100பி என்ற புரதம் இன்னொன்று.

எங்களுக்கு விடை தந்தது உச்சிக்குழி. எலும்பு மூடாத அந்த மெத்தென்ற இடத்தில் ஸ்கேன் கருவியை வைத்தார்கள். கதிர்வீச்சு கிடையாது, இன்குபேட்டரை விட்டுப் பிள்ளையை எடுக்கவும் வேண்டாம். 1978இல் வகுத்த நான்கு நிலைகளில் இவனுக்கு இரண்டாவது: மூளையின் நீரறைக்குள் இரத்தம் இருக்கிறது, அறை வீங்கவில்லை.

பிறகெல்லாம் அளவு நாடாதான். நீர் தேங்கினால் தலை வேகமாகப் பெருக்கும். வாரத்துக்கு 2 சென்டிமீட்டர் கூடினால் கவலை. தாதி அளந்து சொல்லச் சொல்ல, தங்கை நாள்காட்டியில் குறித்துக்கொண்டே வந்தாள். அவனுக்கு இப்போது இரண்டு வயது. இன்னமும் மாதம் ஒருமுறை அளக்கிறாள்; டாக்டர் போதும் என்று சொன்ன பிறகும்.